அழித்தாலும் திரும்பி வரும் லீன் கோட்: பாகத்தை மாற்றும் முன் ட்ரிம்மைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். 2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். டர்போ இல்லை, காற்றை அளக்க மேஃப் சென்சார் உண்டு. செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு, அதாவது கோட், பி0171: கலவை லீன், காற்றுக்கு வேண்டிய பெட்ரோல் போதவில்லை. முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியாகிவிட்டது, ஏர் ஃபில்டர் புதிது, மேஃப் சென்சாரையும் சுத்தம் செய்தாகிவிட்டது. ஸ்கேனரால் அந்தக் கோடை அழித்தால் சில நாள் வண்டி நன்றாக ஓடுகிறது. பிறகு அதே கோட் வருகிறது. காலையில் ஐட்லிங் தடுமாறுகிறது, வேகமாக ஓட்டும்போது குறை தெரியவில்லை. இனி இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதா, ஃப்யூல் பம்பை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் தொட வேண்டாம். விடை உங்கள் கேள்வியிலேயே பாதி இருக்கிறது. கோட் விழுந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த எண்களை, அதாவது ஃப்ரீஸ் ஃப்ரேமை, சேர்த்து அனுப்பியது மிக நல்ல காரியம்: 780 ஆர்பிஎம், கூலன்ட் 88 டிகிரி, வண்டி வேகம் 0, லாங் டேர்ம் ட்ரிம் +23.4%, ஷார்ட் டேர்ம் +7.8%. பிறகு வண்டி நின்றபடியே 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது லாங் டேர்ம் +6.3%, ஷார்ட் டேர்ம் +1.6%. ஐட்லிங்கில் மேஃப் காட்டியது விநாடிக்கு 2 கிராம். இந்தச் சில எண்களை ஒழுங்காகப் படித்தாலே இன்ஜெக்டரும் பம்பும் சந்தேகப் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

முதலில் அந்தக் கோட் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். மேஃப் சென்சார் உள்ளே போகும் காற்றை அளந்து சொல்கிறது. கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலைக் கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறக்கிறது. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று முன் ஆக்சிஜன் சென்சார் பார்க்கிறது. மிச்சம் அதிகமானால், கணக்குப் போட்ட பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டுகிறது. அந்த நொடிக்கு நொடித் திருத்தம்தான் ஷார்ட் டேர்ம் ட்ரிம். அதே திருத்தம் தொடர்ந்து தேவைப்பட்டால் அதை நினைவில் பதித்து நிரந்தரக் கணக்காக்கிக்கொள்கிறது. அது லாங் டேர்ம் ட்ரிம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியில் அந்தக் கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்; 10% வரை கூடக்குறைய இருந்தாலும் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும். எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்றாலும், பெரும்பாலும் 20 முதல் 25 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பி0171 விழும்.

ஆகவே பி0171 வந்துவிட்டது என்பதற்காக எதோ ஒரு சென்சார் கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘என் கணக்கு இங்கே தப்புகிறது, என்னால் முடிந்த மட்டும் பெட்ரோலைக் கூட்டிவிட்டேன், இனி கூட்ட இடமில்லை’ என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சார் அதில் புகார் சொன்ன ஆள். புகார் சொன்னவரை மாற்றிவிட்டு முறையிட்ட குறை தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதால்தான் இந்த ஒரு கோடுக்காக நல்ல சென்சார்கள் இவ்வளவு குப்பைக்குப் போகின்றன. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கோடை அழித்ததும் ஏன் சில நாள் சரியாகிவிட்டதுபோல் தெரிகிறது? கோடை அழிக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் லாங் டேர்ம் ட்ரிம்மும் பூஜ்யத்துக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். எல்லையைத் தொடும் வரை கற்க வேண்டும். பல வண்டிகளில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டி, இரண்டிலும் குறை தெரிந்தால்தான் விளக்கு எரியும். நீங்கள் மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்குப் பிறகும் கோடை அழித்தீர்கள். அதனால் ஒவ்வொரு பாகமும் சில நாளுக்குக் குறையைத் தீர்த்ததுபோல் காட்டியது. பழுது ஒருநாள்கூடப் போகவில்லை. இதைத் தவிர்க்க வழி எளிது: இனி எதை அழிக்கும் முன்னும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும், ஐட்லிங், 2500 ஆர்பிஎம், ஏற்றத்திலோ வேகம் கூட்டும்போதோ உள்ள ட்ரிம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். இந்த மூன்று இடத்து எண்கள் கையில் இருந்தால் பழுது காற்றுப் பக்கமா, பெட்ரோல் பக்கமா, அளக்கும் பக்கமா என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். ஐட்லிங்கில் கூட்டுத்தொகை +31. 2500-ல் +8. ஆர்பிஎம் ஏற ஏறக் குறை கரைகிறது. இது வேக்யூம் லீக்கின் கையெழுத்து, அதாவது என்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் ஒரு கசிவு வழியாக அளக்காத காற்று உள்ளே இழுபடுகிறது. ஏன் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

உங்கள் என்ஜினுக்கு ஐட்லிங்கில் விநாடிக்கு 2.6 கிராம் காற்று தேவை என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் எங்கோ ஒரு வெடிப்பு. அதன் வழியாக 0.6 கிராம் உள்ளே போகிறது. மேஃபைக் கடந்து வருவது மீதி 2 கிராம் மட்டும். கம்ப்யூட்டர் 2 கிராமுக்குப் பெட்ரோல் கொடுக்கிறது, என்ஜினுக்குள் இருப்பதோ 2.6 கிராம் காற்று. 30% பற்றாக்குறை. இப்போது ஆர்பிஎம்மை 2500-க்கு ஏற்றுங்கள். தேவை 8 கிராமுக்குப் போகிறது. வெடிப்பின் அளவு மாறவில்லை; மேனிஃபோல்டில் வேக்யூம் பலமாக இருக்கும்வரை அதன் வழியாக நுழையும் காற்றும் ஏறக்குறைய அதே 0.6 கிராம்தான். மேஃப் 7.4 படிக்கிறது, பற்றாக்குறை 8% ஆகச் சுருங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டும்போது வேக்யூமே கிட்டத்தட்ட இல்லாமல் போகும், லீக்கும் காணாமல் போகும். அதனால்தான் வேகமாக ஓட்டும்போது உங்களுக்குக் குறை தெரிவதில்லை.

இதிலே இன்னொரு நுணுக்கம். எலக்ட்ரானிக் த்ராட்டில் (உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) உள்ள வண்டியில் லீக் இருந்தாலும் ஐட்லிங் வேகம் கூடாது. கம்ப்யூட்டர் த்ராட்டிலை அந்த அளவு மூடி, ஆர்பிஎம்மை 780-லேயே பிடித்துவைக்கும். விளைவு, மேஃப் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். இதைப் பார்த்து ‘மேஃப் குறைவாகப் படிக்கிறது, அதை மாற்று’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த மேஃப் தன்னைக் கடந்து போகும் காற்றைச் சரியாகத்தான் சொல்கிறது. தன்னைக் கடக்காத காற்றைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

காலைத் தடுமாற்றத்துக்கும் இதே காரணம் பொருந்தும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் ஆக்சிஜன் சென்சார் சூடாகும் வரை கம்ப்யூட்டர் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அந்தச் சிறிது நேரம் நொடிக்கு நொடித் திருத்தம் கிடையாது. என்ஜின் உண்மையாகவே லீனாக ஓடுகிறது. போதாததற்கு, இறுகிப்போன கேஸ்கெட்டும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டும் குளிரில் சுருங்கி இடைவெளியை இன்னும் அகலமாக்கும். சூடானதும் ஓரளவு அடைபடும். கோட் 88 டிகிரியில் விழுந்திருப்பதால் உங்கள் லீக் சூட்டிலும் இருக்கிறது என்பது உறுதி. இருந்தாலும் தேடுவதற்குக் குளிர்ந்த என்ஜின்தான் நல்லது.

எங்கே தேடுவது? த்ராட்டிலுக்குப் பிறகு, வேக்யூம் இருக்கும் எல்லா இடமும். கழற்றாமல், செலவில்லாமல் முதலில் செய்யக்கூடியது ஹோஸை நசுக்கிப் பார்ப்பது. ஸ்கேனரில் ஷார்ட் டேர்ம் ட்ரிம்மைத் திறந்து வைத்துக்கொண்டு ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். ரப்பர் ஹோஸைக் காயப்படுத்தாத மழுங்கலான கிளாம்ப்பால் மேனிஃபோல்டிலிருந்து போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்குங்கள். பிரேக்குக்கு வேக்யூமால் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸை அமுக்கியதும் ட்ரிம் சரசரவென்று இறங்கினால் லீக் பூஸ்டரிலோ அதன் வால்விலோ இருக்கிறது. அப்படியிருந்தால் பிரேக் பெடலை மிதிக்கும்போதும் விடும்போதும் ட்ரிம் மாறுவதையும் பார்க்கலாம், சில சமயம் பெடலருகே ‘ஸ்ஸ்’ என்று சத்தமே கேட்கும். அது உறுதியானால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள், பிரேக் விஷயம்.

அடுத்து, டாங்க் ஆவியை என்ஜினுக்குக் கொண்டுவரும் பர்ஜ் வால்வு. ஐட்லிங்கில், கம்ப்யூட்டர் திறக்கச் சொல்லாத நேரத்தில் அது மூடியிருக்க வேண்டும். திறந்தபடி சிக்கிக்கொண்டால், டாங்க்கில் ஆவி அதிகமாக இருக்கும் நாளில் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்), ஆவி இல்லாத நாளில் வெறும் காற்று நுழைந்து லீன். ‘ஒருநாள் வருகிறது, ஒருநாள் வரவில்லை’ என்று சொல்லப்படும் லீன் கோடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டாங்க் பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வையுங்கள். கட்டளை இல்லாத நேரத்தில் விரல் உள்ளே உறிஞ்சப்படுவதுபோல் தெரிந்தால் வால்வு போய்விட்டது.

பிசிவி, அதாவது என்ஜினின் அடியில் உள்ள கிராங்க்கேஸில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுத்து எரிக்கும் வழி, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். மேஃப் உள்ள என்ஜினில் கிராங்க்கேஸுக்குள் போகும் புதுக் காற்றும் மேஃபைக் கடந்த பிறகு எடுக்கப்படுவதுதான். ஆகவே பிசிவி வழியாக மேனிஃபோல்டுக்கு வருவது ஏற்கெனவே அளந்த காற்று. எண்ணெய் மூடியின் ரப்பர், டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங், வால்வ் கவர் கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்று விட்டுப்போனால் அளக்காத காற்று கிராங்க்கேஸுக்குள் நுழைந்து, பிசிவி வழியே என்ஜினுக்குப் போய்விடும். மேனிஃபோல்டை எவ்வளவு சோதித்தாலும் கண்ணில் படாது. வால்வ் கவருக்குள்ளேயே பிசிவி டயாஃப்ரம் வைத்த என்ஜின்களில் அந்த மெல்லிய ரப்பர் கிழிந்தால் விசில் போன்ற சத்தம் வரும். ஐட்லிங்கில் எண்ணெய் மூடியைத் தூக்கினால் யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும். லேசான இழுவை இயல்பு. கைக்கு வலுவாகத் தெரியும் இழுவை இயல்பில்லை.

ஹோஸ்களில் எதுவும் சிக்கவில்லை என்றால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும் இன்ஜெக்டரின் அடி ஓ-ரிங்கும் மிச்சம். கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பது பழைய முறை: லீக் உள்ள இடத்தில் பட்டதும் ஷார்ட் டேர்ம் ட்ரிம் பத்து, பதினைந்து புள்ளி சட்டென்று விழும். வேலை செய்யும் முறைதான். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் திரவம். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அடிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கையில் உள்ள ஒரு தெளிப்பானில் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்தாலும் போதும். வெடிப்பைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும், ஐட்லிங் ஓசை மாறும், ட்ரிம் அசையும். இக்னிஷன் காயில், கனெக்டர் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

எல்லாவற்றிலும் நம்பகமானது ஸ்மோக் டெஸ்ட். என்ஜினை நிறுத்திவிட்டு, 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் புகையை இன்டேக்குக்குள் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. இதைச் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். புகையை எங்கிருந்து செலுத்துகிறார்கள்? ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து மட்டும் என்றால், மூடிக்கிடக்கும் த்ராட்டில் பிளேட்டைத் தாண்டி மேனிஃபோல்டுக்குப் போதுமான புகை போகாமல் இருக்கலாம். பிரேக் பூஸ்டர் ஹோஸ் வழியாக மேனிஃபோல்டுக்கே நேராகச் செலுத்துவது நல்லது; அப்போது பூஸ்டரைத் தனியே சோதிக்க வேண்டும், அது இந்தச் சோதனைக்கு வெளியே நின்றுவிடுகிறது. இரண்டாவது, என்ஜின் குளிர்ந்திருந்ததா? சூட்டில் புகை வராத கேஸ்கெட் காலையில் தாராளமாகப் புகை விடும். ‘ஸ்மோக் டெஸ்ட் பண்ணியாச்சு, லீக் இல்லை’ என்று சொல்லப்பட்ட வண்டிகள் மீண்டும் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு காரணத்தால்தான்.

மேஃபுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு ரப்பர் குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மேலே சொன்ன கணக்குக்குக் கட்டுப்படாது. அங்கே பெரிய வேக்யூம் கிடையாது. காற்று ஃபில்டர் வழியாக வருவதும் வெடிப்பு வழியாக வருவதும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பங்கிடப்படும். ஐட்லிங்கிலும் வேகத்திலும் ட்ரிம் கிட்டத்தட்ட ஒரே அளவு உயர்ந்து நிற்கும், பார்ப்பதற்கு மேஃப் குறைவாகப் படிப்பதுபோலவே இருக்கும். அதோடு வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் அடிப்பக்கப் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் புத்தம்புதிது போலத் தெரியும். கியர் போட்டு நகரும்போது என்ஜின் மவுண்டில் சற்றே திரும்பும்; அப்போதுதான் மடிப்பு விரிந்து வெடிப்பு வாய் திறக்கும். ஆகவே அதைக் கழற்றி, கையால் ஒவ்வொரு மடிப்பாக வளைத்து விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டரை மாற்றியபோது இந்தக் குழாயின் கிளாம்ப் சரியாக உட்காராமல் போயிருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

உங்களுடைய எண்கள் வேறு மாதிரி இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இதே கோடோடு வரும் எல்லா வண்டிக்கும் வேக்யூம் லீக் விடையல்ல.

ஐட்லிங்கில் ட்ரிம் நன்றாக இருந்து, வேகம் கூட்டும்போதும் ஏற்றத்திலும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஐட்லிங்கில் தேவைப்படும் சொற்பப் பெட்ரோலை நொந்துபோன பம்பும் கொடுத்துவிடும். தேவை பத்து மடங்காகும்போதுதான் அதன் குட்டு உடையும். மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான என்ஜின்களில் ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயின் அழுத்தம், 3 முதல் 4 பார். சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். வண்டி நிற்கும்போது மட்டும் கேஜைப் பார்த்துவிட்டு ‘அழுத்தம் சரி’ என்று மூடிவிடக் கூடாது. ஓடும்போது, சுமையின் கீழ் அழுத்தம் விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்தால் பம்பை ஆர்டர் செய்வதற்கு முன் பம்ப் கனெக்டரில் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் 14 வோல்ட் இருக்கும்போது பம்பில் 12 மட்டும் வந்தால், குறை பம்பில் இல்லை. ரிலேயிலோ, கருகிய கனெக்டரிலோ, துருப்பிடித்த எர்த் இணைப்பிலோ இருக்கிறது. பம்பை மாற்றினாலும் புதுப் பம்ப் அதே பசியோடுதான் ஓடும், கோட் திரும்ப வரும். பெட்ரோல் ஃபில்டர் தனியாக உள்ள வண்டியில் அதையும் பார்க்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜினில் உயர் அழுத்தப் பக்கத்தை மட்டும் வீட்டில் வைத்துத் திறக்கவே கூடாது. அங்கே அழுத்தம் 200 பாரையும் தாண்டும், தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.

ஐட்லிங்கில் ட்ரிம் பூஜ்யத்துக்குக் கீழே, வேகத்தில் மேலே என்றால் அழுக்கடைந்த மேஃப் என்று முதலில் சந்தேகப்படலாம். இதைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த ஒரு கணக்கு உண்டு. 2 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 2 லிட்டர் காற்றை இழுக்கிறது. 5000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 5000 லிட்டர், விநாடிக்குச் சுமார் 83 லிட்டர். கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். ஆக, முழுதாக நிரம்பினால் விநாடிக்கு 100 கிராம். டர்போ இல்லாத ஆரோக்கியமான என்ஜின் முழு த்ராட்டிலில் இதில் 80 முதல் 90 வரை தொடும். பாதுகாப்பான இடத்தில், ஒருவர் ஓட்ட மற்றவர் ஸ்கேனரைப் பதிவு செய்து பாருங்கள். 55, 60 தான் வருகிறது, ட்ரிம்மும் கூடுதலாக நிற்கிறது என்றால் மேஃப் குறைத்துப் படிக்கிறது, அல்லது மடிப்புக் குழாயில் வெடிப்பு. 55 தான் வருகிறது, ஆனால் ட்ரிம் பூஜ்யத்தில் இருக்கிறது என்றால் மேஃப் உண்மையைச் சொல்கிறது, என்ஜினுக்குத்தான் மூச்சு முட்டுகிறது; கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே எண், பக்கத்து எண்ணைப் பொறுத்து இரண்டு வேறு பழுது.

மேஃபைச் சுத்தம் செய்வதானால் அதற்கென்றே உள்ள கிளீனரை மட்டும் தெளித்து, தானாகக் காயவிடுங்கள். பஞ்சு, பிரஷ், காற்றழுத்தம் எதுவும் அந்த நுண்ணிய கம்பியைத் தொடக் கூடாது. எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்ட வண்டியில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் மறுபடி படியும்.

மேஃப் இல்லாமல் மேப் சென்சாரை வைத்து, மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கொண்டு கணக்குப் போடும் என்ஜின்களும் ஏராளம். அவற்றில் வேக்யூம் லீக் இப்படிக் காட்டிக்கொடுக்காது. லீக்கில் நுழைந்த காற்றும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை உயர்த்தும், மேப் அதைப் படித்துவிடும், பெட்ரோலும் அதற்கேற்பக் கூடிவிடும். அங்கே லீக்கின் அடையாளம் லீன் கோடைவிட உயர்ந்துபோன ஐட்லிங் வேகம். மேப் வண்டியில் உறுதியான லீன் கோட் வந்தால் பெட்ரோல் அழுத்தத்தையும் எக்ஸாஸ்ட்டையும் முதலில் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் என்றதும் சொல்ல வேண்டியது, பொய் லீன். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெடிப்போ கேஸ்கெட் லீக்கோ இருந்தால், புகை துடிப்புத் துடிப்பாகப் போகும் நடுவே வெளிக் காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு லீன் என்கிறது. கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. என்ஜினோ உண்மையில் ரிச்சாக ஓடிக்கொண்டிருக்கும். பிளக் கருப்பாக இருந்து கோட் லீன் என்றால் இதை நினையுங்கள். குளிரில் கிளப்பியதும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் அடங்கும் சத்தம் நல்ல துப்பு. மிஸ்ஃபயரும் இதே வேலையைச் செய்யும்: எரியாமல் போன சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே வெளியே வருகிறது, சென்சார் அதை லீன் என்று படிக்கிறது. ஆகவே பி0171-உடன் மிஸ்ஃபயர் கோடும் இருந்தால் பிளக், காயில் இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள்.

சென்சாரையே சந்தேகப்பட்டால் மாற்றுவதற்கு முன் கேள்வி கேட்டுப் பார்க்கலாம். சாதாரண வகைச் சென்சார் லீனில் 0.1 வோல்ட் பக்கமும் ரிச்சில் 0.9 பக்கமும் நிற்கும். ஒரு சிறிய வேக்யூம் ஹோஸைக் கழற்றினால் உடனே 0.2-க்குக் கீழே விழ வேண்டும். இன்டேக்கில் கொஞ்சம் எரிவாயுவைக் காட்டினால் உடனே 0.8-க்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் சட்டென்று நடந்தால் சென்சார் நலம். வைட்பேண்ட் வகையில் இந்த வோல்ட் எண்கள் பொருந்தாது, ஸ்கேனர் காட்டும் லாம்டாவைப் பார்க்க வேண்டும். 1 என்பதுதான் சரியான கலவை.

வி வடிவ என்ஜினில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கோட், பி0171-ம் பி0174-ம். இரண்டும் சேர்ந்து வந்தால் மேஃப், அழுத்தம், பெரிய லீக் எனப் பொதுவான காரணம். ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பக்கத்துக் கேஸ்கெட், இன்ஜெக்டர், எக்ஸாஸ்ட்.

பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதும் ட்ரிம்மைக் கொஞ்சம் தூக்கும். எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும், அதனால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. 10% எத்தனால் ட்ரிம்மை 4% அளவுக்கு உயர்த்தும், 20% என்றால் 8 அல்லது 9. கோட் விழ இது தனியாகப் போதாது. ஏற்கெனவே 15-ல் நிற்கும் வண்டியை எல்லைக்கு மேலே தள்ள இது போதும்.

அவசரம் எவ்வளவு? ஐட்லிங்கில் மட்டும் லீன் என்பது தொல்லை. உடனே என்ஜினைக் கெடுக்காது, ஏனென்றால் ட்ரிம்முக்கு இடம் இருக்கும்வரை உள்ளே எரியும் கலவை கிட்டத்தட்டச் சரிதான். சுமையின் கீழ் லீன் என்பது வேறு கதை. பெட்ரோல் போதாமல் முழு த்ராட்டிலில் ஓடினால் வெப்பம் ஏறும், நாக்கிங் வரும், பிஸ்டன் உருகிய என்ஜின்களும் உண்டு. ஏற்றத்தில் ட்ரிம் ஏறும் வண்டியை அழுத்தி ஓட்டாதீர்கள்.

லீக்கைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு கோடை அழியுங்கள். இந்த முறை அழிப்பது அவசியம். பழைய +23 நினைவிலேயே இருந்தால், சரியான என்ஜினுக்குத் தேவையில்லாத பெட்ரோல் போய், கொஞ்ச நாளைக்கு ரிச் ஆகி, எதிர்ப்பக்கக் கோடான பி0172 விழவும் வாய்ப்புண்டு. அழித்ததும் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, பிறகு பழைய மூன்று இடங்களிலும் எண்ணை எடுங்கள். கூட்டுத்தொகை எல்லா இடத்திலும் 5%-க்குள் அடங்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரு வாரம் கழித்து லாங் டேர்ம் எங்கே நிற்கிறது, ஸ்கேனரின் பெண்டிங் பகுதியில், விளக்கை எரிய வைக்காமல், கோட் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வண்டியில் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். ஐட்லிங்கில் 2 கிராம் காட்டிய மேஃப், லீக் அடைந்ததும் 2.6-ஐ ஒட்டி ஏற வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லாக் காற்றும் அதன் வழியாகத்தான் வருகிறது. மேஃப் ஏறி, ஐட்லிங் ட்ரிம் இறங்கி, 2500-ல் மட்டும் அந்த +8 அப்படியே நின்றால், லீக்குக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு சிறு குறையும் இருக்கிறது என்று பொருள்; அப்போது 5000 ஆர்பிஎம் மேஃப் கணக்கையும் ஓடும்போதான ரெயில் அழுத்தத்தையும் எடுத்து அனுப்புங்கள், அங்கிருந்து தொடரலாம்.